பண்ணலும் குளிர்த்தியும்

இசைக்கருவி ஒன்றைப் பயிலத் தொடங்குமுன் கையையும் கருவியையும் மனத்தையும் ஒழுங்குசெய்து கொள்ளும் சிறுபொழுதைப் பியானோ பயில்வோர் இன்று எங்கும் 'வாம் அப்' என்றே அழைக்கின்றனர். குளிர்ந்து இறுகிய உடலைச் சூடேற்றி இளக்குதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அந்தப் பெயருக்கு உடலியல் வழியான காரணம் உண்டு. விரல்களை மடக்கி நீட்டும் வலிய தசைகள் முன்கையில், அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்திருக்கின்றன. அவற்றின் இழுவிசையைத் தசைநாண்கள் எனப்படும் நீண்ட கயிறுகள் மணிக்கட்டின் ஒடுங்கிய வழியூடாக விரல்நுனி வரை கொண்டு செல்கின்றன. குளிரில் தசை சுருங்குவதும் தளர்வதும் மந்தமாகின்றன, நரம்பு வழிச் செய்தியின் வேகமும் குறைகிறது. ஆகவே பனிக்காலம் நீண்ட நாடுகளில் பியானோக் கலைஞர் தம் கைகளைச் சூடேற்றிக்கொள்வது இயல்பான தேவையாயிற்று. கனடாவின் கிளென் கூல்ட் வாசிக்குமுன் கைகளை வெந்நீரில் நெடுநேரம் அமிழ்த்தி வைத்திருப்பார் என்பது அவரைப் பற்றி எழுதியோர் பலரும் பதிந்துள்ள செய்தி.

'வாம் அப்' என்னும் இந்தச் சொல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வரும்போது அதன் பொருள் கேள்விக்குள்ளாகிறது. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கு வடக்காகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, தன் கீழைக் கரையை எழுவான்கரை என்றும் மேலைக் கரையைப் படுவான்கரை என்றும், ஞாயிறு எழும் திசையாலும் படும் திசையாலும் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கும் நீர்ப்பரப்பு. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும் இந்நிலத்தில் கை குளிர்ந்து விறைக்கும் நாள் ஒன்று இல்லை. வியர்வையில் விரல் வழுக்குவதே இங்குள்ள இடர். அப்படியிருக்க, இக்கரையில் பியானோவின் முன் அமரும் சிறுமி ஒருத்தியிடம் முதல் பத்து நிமிடங்களை ஆயத்தத்துக்கு ஒதுக்கும்படி ஆசிரியை சொல்வதன் நியாயம் என்ன? சூடேற்றுதலே அதன் முழுப்பொருள் என்றால், வெப்பநிலத்தில் அந்தப் பத்து நிமிடமும் வீண். அது வீணாகவில்லை என்பது பயின்றோர் அனைவரின் அனுபவம் என்பதால், அச்செயலின் மெய்ப்பொருளை வேறொரு பெயரில் தேடவேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் தமிழில் உண்டு. அதை மீட்டெடுத்து ஒழுங்குற விளக்கியவர்களுள் தலையாயவர் இதே கரையில் பிறந்தவர்.

பண்ணல் என்பதே அந்தச் சொல். பண்ணுதல் என்றால் இன்று வெறுமனே செய்தல் என்று பொருள்படுகிறது. பழந்தமிழில் அது ஆயத்தஞ்செய்தல் என்னும் நுட்பமான பொருளையும் தாங்கி நின்றது. தேரைப் பூட்டி நிறுத்துவதும், குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் இட்டு நிறுத்துவதும், யானையைப் போருக்கு அணிசெய்து நிறுத்துவதும் பண்ணுதல் எனப்பட்டன. இசையில், பாடக் கருதிய பண்ணுக்கு, அதாவது குறிப்பிட்ட சுரங்களால் அமைந்து தனக்கென ஓர் உணர்வு வடிவம் பெற்ற இசை முறைக்கு, யாழின் நரம்புகளை இசைவாக இழுத்துக் கட்டுவது பண்ணல் எனப்பட்டது. குதிரையின் முதுகில் இடும் அணியும், நரம்பிலிருந்து எழும் இசையும் பண் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஓட்டத்துக்கு முந்திய அந்த நிறுத்தத்தைத் தமிழ் மரபு எவ்வளவு மதித்தது என்பது விளங்குகிறது.

சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதி இந்த ஆயத்தத்தைத் தமிழிலக்கியத்திலேயே மிக விரிவாகக் காட்டுகிறது. புகார் நகரின் கடற்கரைச் சோலையில் கோவலனோடு அமர்ந்த மாதவி, யாழைக் கையில் வாங்கியவுடன் பாடத் தொடங்குவதில்லை. ஒலியைப் பெருக்கும் குடமாகிய பத்தரும், வளைந்தெழும் தண்டாகிய கோடும், நரம்பை முறுக்கிப் பிடிக்கும் ஆணியும், நரம்பும் குற்றமற்றிருக்கின்றனவா என்ற நோக்கோடு அவள் தொழில் தொடங்குகிறது. அதன்பின் எண்வகைத் தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது, மேலே கூறிய பண்ணல். இரண்டாவதாகிய பரிவட்டணை என்பது கட்டிய நரம்பை விரலின் உட்புறத்தாலும் வெளிப்புறத்தாலும் தடவி அதன் இயல்பை அறிவது. மூன்றாவது ஆராய்தல், சுரங்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் இசைத்து ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறதா என்று தெரிதல். நான்காவதாகிய தைவரல், அடிப்படைச் சுருதியோடு அனைத்தையும் ஒட்டவைத்தல். ஐந்தாவதாகிய செலவு, சொல்லின்றிப் பண்ணை விரித்துச் செல்லும் ஆளத்தி, அதாவது இன்றைய வழக்கில் ஆலாபனை. எஞ்சிய விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்ற மூன்றிலும் தாளமும் சந்தமும் துள்ளல் நடையும் படிப்படியாகச் சேர்கின்றன.

இந்த எட்டோடும் ஆயத்தம் முடிவதில்லை. கரணங்கள் எனப்படும் வேறோர் எட்டு விரற்செயல்கள் தொடர்கின்றன. அவற்றுள் வார்தல் சுட்டுவிரலின் தொழில். வடித்தல் சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை உள்ளும் புறமுமாக ஆராய்வது. உந்தல் நரம்பைத் தள்ளிப் பார்த்து எது வலிவில் நிற்கிறது, எது மெலிவில் நிற்கிறது, எது வரிசை தவறியது என்று அறிவது. உறழ்தல் ஒரு நரம்பை விட்டும் இரு நரம்புகளை விட்டும் மாறிமாறி மீட்டிப் பார்ப்பது. பியானோ பயிலும் மாணவர் ஒரு கட்டை விட்டும் இரு கட்டைகளை விட்டும் ஏறியிறங்கும் பயிற்சிகளை இன்றும் செய்கின்றனர். ஐரோப்பிய இசையில் அவை மூன்றாம் இடைவெளி, நான்காம் இடைவெளிப் பயிற்சிகள் எனப்படும். கடலுக்கு அப்பால் தோன்றிய ஒரு கருவியின் பயிற்சி நூல்களும் தமிழ் யாழின் கரணமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தில் சந்திப்பதற்குக் காரணம், மனிதக் கைக்கு ஐந்து விரல்கள் என்பதும் மனிதச் செவிக்கு இடைவெளிகளே இசை என்பதும் எங்கும் மாறாதிருப்பதே.

ஆனால் இரு மரபுகளுக்கும் இடையே கருத வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்துக்கு எழுந்த அரும்பத உரை இச்செயல்களை விளக்குமிடத்து ஆராய்தல், அறிதல் என்னும் வினைகளை மீண்டும் மீண்டும் ஆள்கிறது. விரலை வலுப்படுத்துதல் என்ற நோக்கம் அங்கே பேசப்படவில்லை. காப்பியமும் மாதவியின் கைத்தொழிலை வருணித்து, அவள் அதனைச் செவியால் ஓர்ந்தாள் என்ற இடத்தில்தான் அதை நிறைவுசெய்கிறது. யாழ் கோவலன் கைக்கு மாறுவதும் பாட்டுத் தொடங்குவதும் அதன் பிறகே. ஆயத்தத்தின் முடிவை உரைப்பது விரல் அன்று, செவியே என்னும் கொள்கை அந்த வரிசைமுறையில் பொதிந்திருக்கிறது.

இச்சொற்களை நிகண்டுகளிலும் உரைகளிலும் உறங்கிக் கிடந்த நிலையிலிருந்து எடுத்து, கணக்கும் கருவியுமாக மீண்டும் எழச்செய்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததும் 1961இல் புதிய மாவட்டம் அமைந்தபின் அம்பாறையைச் சேர்ந்ததுமான காரைதீவில், மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்த அவர், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியவர். பின்னர் இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்டவர். பௌதிகமும் தமிழும் ஒருவரிடத்தே கூடியதன் பயன் யாழ் நூல். பழைய நூல்களில் பெயரளவில் எஞ்சியிருந்த யாழ் வகைகளின் உறுப்புகளையும், நரம்புகளின் நீளத்துக்கும் அவை எழுப்பும் சுரத்துக்கும் உள்ள கணக்குறவையும், ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலை பிறக்கும் முறையையும், தேவாரப் பண்களின் இயல்பையும் அவர் பத்தாண்டுக்கு மேலாக ஆராய்ந்து எழுதிய அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 ஜூன் மாதம் தஞ்சைப் பகுதியின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. ஆறு வாரம் கழித்து, ஜூலை 19ஆம் நாள் அவர் மறைந்தார். கல்லடியில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவருடைய சமாதி இருக்கிறது.

யாழ் நூலைப் பியானோவின் முன் அமர்ந்திருக்கும் மாணவருக்கு அயலான நூலாகக் கருதுவது தவறு என்பதற்குப் பாலைத் திரிபு என்ற ஒரு கருத்தே போதும். பாலை என்பது ஏழு சுரங்களும் நிறைந்த பெரும்பண். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு தமிழ்ச் சுரங்களுள் எதனைத் தொடக்கமாகக் கொள்கிறோமோ அதற்கேற்ப வெவ்வேறு பாலை பிறக்கிறது. நரம்புகள் மாறுவதில்லை, நிற்கும் இடம் மாறுகிறது, அதனால் உலகமே மாறுகிறது. பியானோவின் வெண்கட்டைகளை மட்டும் கொண்டு இதை எவரும் தாமே செய்து பார்க்கலாம். ஜி என்ற கட்டையில் தொடங்கி வெண்கட்டைகளில் மட்டும் ஏறினால் இன்று அரிகாம்போதி எனப்படும், ஆய்வாளர் பலரும் செம்பாலையாகக் கொள்ளும் முறை ஒலிக்கும்; ஏ யில் தொடங்கினால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி; சி யில் அரும்பாலையாகிய சங்கராபரணம்; டி யில் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா; ஈ யில் விளரிப்பாலையாகிய தோடி; எஃப் இல் மேற்செம்பாலையாகிய கல்யாணி. பி யில் தொடங்கும் செவ்வழிப்பாலையில் தொடக்கச் சுரத்துக்கு நிறைவான ஐந்தாம் சுரம் வாய்க்காததால் அது தனியே நிற்கிறது. பியானோவின் சுரங்கள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்து அமைத்தவை, யாழின் நரம்புகளோ இயற்கை இசைவை நாடிக் கட்டப்பட்டவை என்ற வேறுபாட்டை மறவாமல் இதைச் செய்யவேண்டும். எனினும் ஏழு பாலைகளையும் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு மாணவருக்கு, அதே கட்டைகள் ஏழு வேறு முகங்களைக் காட்டும் வியப்பு ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதனினும் சிறந்த ஆயத்தப் பயிற்சி வேறு இருக்க இயலாது.

விசைப்பலகை இக்கரைக்குக் கிறித்தவ மிஷன்களின் வழியே வந்தது. 1814இல் மெதடிஸ்த மிஷனின் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் கால்வைத்தார். கத்தோலிக்கத் துறவியரின் கல்வி நிறுவனங்களும் பின்னர் வேரூன்றின. நகரின் பெண்கள் கல்லூரிகளுள் ஒன்று, இசையின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் போற்றும் புனித சிசிலியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்புனிதரின் திருநாளாகிய நவம்பர் 22, வடகீழ்ப் பருவமழை கிழக்கிலங்கையில் ஓங்கி நிற்கும் காலத்தில் வருவது நினைக்கத்தக்கது. பியானோவுக்கு ஆண்டிலேயே மிகக் கடினமான பருவம் அதுதான். அக்கருவியின் ஒலிப்பலகை மெல்லிய மரத்தாலானது. காற்றின் ஈரத்தைக் குடித்து அது பருத்து மேலெழும்போது, அதன்மீது அழுந்தி நிற்கும் கம்பிகளின் இழுவிசை கூடிச் சுருதி பிறழ்கிறது. ஏறத்தாழ 230 கம்பிகள், மொத்தம் 18 தொன்னுக்குக் குறையாத இழுவிசையோடு, ஓர் இரும்புச் சட்டத்தில் கட்டுண்டு கிடக்கும் அப்பெருங்கருவி, வாவியின் ஈரத்துக்கும் கடலின் உப்புக்கும் ஓயாமல் விடைசொல்லிக் கொண்டிருக்கிறது. துருப்பிடித்த கம்பியும், பருத்து ஒட்டிக்கொண்ட கட்டையும், மழைக்கு முன் ஒன்றாகவும் மழைக்குப் பின் வேறாகவும் ஒலிக்கும் சுரமும் இக்கரையில் கருவியின் இயல்பாகவே ஆகிவிடுகின்றன.

இங்கே யாழுக்கும் பியானோவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வெளிப்படுகிறது. யாழை வாசிப்பவரே அதைப் பண்ணுகிறார். பியானோவைப் பண்ணுபவர் சுருதி சேர்க்கும் கைவினைஞர், அவர் ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ வந்து 88 கட்டைகளுக்கும் உரிய கம்பிகளை ஒழுங்குசெய்துவிட்டுப் போய்விடுகிறார். வாசிப்பவர் அமரும்போது சுரங்கள் ஏற்கெனவே தம் இடத்தில் இருக்கின்றன, அல்லது இருக்கின்றன என்று கொள்ளப்படுகிறது. இதனால் மாதவியின் பதினாறு செயல்களுள் ஆராயும் பகுதி வாசிப்பவரின் கையைவிட்டு நழுவி, விரல்களை ஓடவிடும் பகுதி மட்டுமே எஞ்சுகிறது. செவிக்கு வேலையில்லாத ஆயத்தம் அவ்விதம் பிறந்தது.

பிரான்சில் 1873இல் ஹானோன் வெளியிட்ட 60 பயிற்சிகள் கொண்ட நூல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஐந்து விரல்களும் சம வலிமை பெறவேண்டும் என்ற நோக்கோடு, ஒரே உருவை ஒவ்வொரு படியாக நகர்த்திக் கொண்டுபோகும் அப்பயிற்சிகள் உலகெங்கும் பரவின. ஒரு மணி நேரத்தில் நூல் முழுவதையும் வாசித்து முடிக்கலாம் என்று அந்நூல் வாக்களிக்கிறது. அவை கைக்குப் பயன்படவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஆயினும் கண்ணும் செவியும் வேறெங்கோ இருக்க, விரல்கள் மட்டும் தறியின் நாடாவைப் போல ஓடுவதற்கு அவை இடங்கொடுத்தன. ஜெர்மானியர் ரொபர்ட் ஷூமான் தம் இருபதுகளின் தொடக்கத்திலேயே வலக்கை விரலின் செயலிழந்து பியானோக் கலைஞராகும் கனவைத் துறக்க நேர்ந்ததை, அளவுமீறிய விரற்பயிற்சியோடும் விரலைக் கட்டும் பொறியொன்றோடும் தொடர்புபடுத்தியே அவருடைய வரலாறுகள் பேசுகின்றன. விரலை அடக்கப் புகுந்த முயற்சி விரலையே இழக்கச் செய்தது.

அதே நூற்றாண்டில் போலந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஷோப்பான் வேறு வழியைக் காட்டினார். மாணவரின் கையை வெண்கட்டைகள் மீது தட்டையாக வைக்காமல், நீண்ட நடுவிரல்கள் மூன்றும் மேடான கருங்கட்டைகளில் படியவும், குறுகிய பெருவிரலும் சுண்டுவிரலும் வெண்கட்டைகளில் தங்கவும் அமைந்த நிலையில் அவர் பயிற்சியைத் தொடங்கினார். வெண்கட்டைகள் மட்டுமே கொண்ட சி வரிசை பார்வைக்கு எளிது, கைக்குக் கடினம் என்பது அவர் கொள்கை. விரல்கள் இயற்கையிலேயே சமமற்றவை, ஒவ்வொரு விரலுக்கும் தனக்கே உரிய குரல் உண்டு என்று அவர் கருதினார். கையின் இயல்பை ஆராய்ந்து அதற்கேற்பக் கருவியில் இடங்காணும் இந்த அணுகுமுறை பரிவட்டணையின் உணர்வுக்கு மிக நெருங்கியது: தொட்டு அறிவது முதலில், ஓடுவது பிறகு.

ஆயத்தம் என்பது தனியொருவரின் அறைக்குள் நிகழ்வது மட்டுமன்று என்பதை மட்டக்களப்பின் கூத்து மரபு கற்பிக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளையும் பழக்குவதற்கு அண்ணாவியார், அதாவது ஆட்டமும் பாட்டும் மத்தளமும் ஒருங்கே அறிந்த ஆசான், ஊரவரைக் கூட்டிப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டங்கொடுத்தலோடு தொடங்குகிறார். பின்னர் இரவுதோறும் ஆட்டம் பழக்கப்படுகிறது. தாளக்கட்டு எனப்படும் சொற்கோவையை மத்தளம் சொல்ல, கால் அதற்கு விடைசொல்லக் கற்கிறது. கால் தேறியபின்பே சதங்கை அணியப்படுகிறது. தேறாத காலில் மணி கட்டினால் பிழையும் ஊருக்குக் கேட்கும் என்பதை எண்ணினால் அந்தச் சடங்கின் நுட்பம் புலப்படும். தொடர்ந்து கிழமைக்கு ஒருமுறை ஆடிப்பார்க்கும் கிழமைக்கூத்தும், முழுக் கூத்தையும் ஒழுங்காக ஓட்டிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தலும் நிகழ்ந்து, இறுதியில் வட்டக்களரியில், அதாவது மண்ணைக் குவித்து வட்டமாக எழுப்பிய மேடையில், விடியும்வரை அரங்கேற்றம் நடக்கிறது. ஓர் இரவின் ஆட்டத்துக்குப் பல மாத ஆயத்தம்.

அரங்கேற்ற இரவிலும் ஆயத்தம் மறைவதில்லை. பாத்திரம் ஒவ்வொன்றும் களரிக்குள் நுழைந்தவுடன் கதை பேசுவதில்லை. வரவுத் தாளத்துக்கு ஏற்ப ஆடி, களரியைச் சுற்றி, மத்தளத்தோடும் பின்னணி பாடுவோரோடும் இசைந்தபின்பே தன்னைப் பாட்டால் அறிமுகம் செய்கிறது. அரசனும் கட்டியகாரனும் அவரவர் தகுதிக்கேற்ற வரவைப் பெறுகின்றனர். பார்ப்போருக்கு முன்னால் வெளிப்படையாக நிகழும் அந்த ஆயத்தத்தை ஊரார் தாமதமாகக் கருதுவதில்லை. வரவு நன்றாக அமைந்த ஆட்டக்காரரையே நெடுங்காலம் நினைவில் வைக்கின்றனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு நவீன மேடைக்கு ஏற்பச் சுருக்கி அளித்தபோது இரவு முழுவதும் நீண்ட ஒன்று சில மணிப்பொழுதுக்குள் அடங்கியது. அதனால் கூத்து புதிய அவைகளைப் பெற்றது என்பது பெரும்பேறு. ஆயினும் களரியில் மெல்ல மெல்ல ஊர் முழுவதும் ஒரே தாளத்துக்குள் வந்துசேரும் அந்த முன்னிரவு, சுருக்க முடியாத ஒன்றாகக் கிராமங்களிலேயே தங்கியிருக்கிறது.

பண்ணலின் இயல்பை இன்னும் எளிமையாகக் காட்டுவது வாவிதான். கல்லடிப் பாலத்தின் அருகே, நிலவு நிறைந்த அமைதியான இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் இசையொலியாலேயே மட்டக்களப்பு மீன்பாடும் தேனாடு எனப் பெயர் பெற்றது. மீனின் குரல் என்பாரும், ஊரி எனப்படும் சிறு சங்கினத்தின் ஒலி என்பாரும் உளர். அதைக் கேட்கும் முறை தலைமுறை தலைமுறையாகத் தோணிக்காரர் அறிந்தது: தோணியை நிறுத்தி, துடுப்பின் அலகை நீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைக்கவேண்டும். மரம் நீரின் அதிர்வை ஏந்திச் செவிக்குக் கொண்டுவருகிறது. அந்த ஒரு கணத்தில் துடுப்பு தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது. நீரைத் தள்ளிய கருவி நீரைக் கேட்கும் கருவியாகிறது. வலிக்கும் கை ஓயாமல் இது நிகழாது. விபுலாநந்தர் இவ்வொலியை உள்ளத்திற்கொண்டு நீரர மகளிர் என்ற கவிதையை யாத்தார். வாவியின் நீர்மகளிர் இசையின் கணக்கைத் தமக்குச் சொல்வதாக அவர் கற்பனை செய்ததில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. கணக்கு அவர் கற்றது, கேட்டல் அவர் பிறந்த நீர்ப்பரப்பு கொடுத்தது.

இவற்றையெல்லாம் கொண்டு பியானோவின் முதல் பத்து நிமிடங்களை மீண்டும் அமைப்பது கடினமன்று. அமர்ந்தவுடன் ஒரே ஒரு கட்டையை அழுத்தி, ஒலி முற்றும் தேய்ந்து அடங்கும்வரை கேட்பது பண்ணலின் இடத்தை நிரப்பும். சுருதி சேர்ப்பவர் விட்டுச்சென்ற கம்பிகள் இன்றைய ஈரத்தில் எப்படி நிற்கின்றன என்பதை அந்த ஒரு கேட்டலே சொல்லிவிடும். கட்டைகளின் எடையையும் ஒட்டலையும் விரலின் உட்புறத்தால் அறிவது பரிவட்டணை. ஏழு பாலைகளுள் அன்றன்றைக்கு ஒன்றை மெதுவாக ஏறி இறங்குவது ஆராய்தல். ஒன்றுவிட்டும் இரண்டுவிட்டும் செல்வது உறழ்தல். எழுதிய பாடம் எதுவுமின்றி அப்பாலையில் சிறிது நேரம் தானே விரித்து வாசிப்பது செலவு. இவ்வளவும் முடியும்போது கை இளகியிருக்கும், ஆனால் அது துணைப்பயன் மட்டுமே. செவி விழித்திருக்கும், அதுவே நாடிய பயன். கையைச் செவியின் ஆளுகைக்குள் கொண்டுவருவதற்கே ஆயத்தம் இருக்கிறது. அதன்பின் செய்யும் பயிற்சி எதுவாயினும் பிழை தானே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஆயத்தத்துக்குக் கொடுத்த மதிப்பை முடிவுக்கும் கொடுக்க வேண்டும் என்பதை இக்கரையின் வழிபாடு உணர்த்துகிறது. மாதவி பண்ணிக் கொடுத்த யாழில் பிறந்த கானல்வரியே கோவலனின் ஐயத்துக்கும் பிரிவுக்கும் வித்தாகி, மதுரையின் எரியில் போய் முடிகிறது. அந்த எரியை மூட்டிய கண்ணகியை மட்டக்களப்புப் பிரதேசம் தெய்வமாக ஏற்று, காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வாவியின் இருமருங்குமுள்ள பல ஊர்களிலும் கோயில் எடுத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் சாத்தியிருக்கும் கோயில்களின் கதவு வைகாசிச் சடங்குக்குத் திறக்கப்படுகிறது. கண்ணகி வழக்குரை இரவுகள்தோறும் பாடப்படுகிறது. சினம் உச்சத்தை அடைந்த கதை முடிந்தபின் குளிர்த்தி பாடப்படுகிறது. குளிர்த்தி என்பது கொதித்த தெய்வத்தைத் தண்ணீராலும் வேப்பிலையாலும் பாட்டாலும் குளிரச்செய்யும் சடங்கு. மழையும் விளைச்சலும் நோயின்மையும் அக்குளிர்ச்சியிலிருந்தே பிறக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. குளிர்த்தி பாடாமல் சடங்கு நிறைவதில்லை. மாதவியின் யாழை ஆராய்ந்து மீட்ட அறிஞர், கண்ணகியைக் குளிர்விக்கும் பாட்டு ஆண்டுதோறும் ஒலிக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்பதில், அக்காப்பியத்தின் தொடக்க இசையும் இறுதி இசையும் ஒரே மண்ணில் வந்து கூடுகின்றன.

ஆகவே வெப்பநிலத்தின் இசைப் பயிற்சிக்குச் சூடேற்றுதல் என்ற இரவற்சொல் பொருந்துவதில்லை. அதன் இரு முனைகளுக்கும் உரிய சொற்கள் இக்கரையிலேயே இருக்கின்றன. பயிற்சி முடிந்தவுடன் மூடியைச் சாத்திவிட்டு எழாமல், அன்று வருத்திய பகுதியை விட்டு விலகி, தொடக்கத்தில் ஆராய்ந்த அதே பாலையை ஒருமுறை மெதுவாக இறங்கி வந்து, கடைசிச் சுரம் மரத்துக்குள் அடங்கும்வரை கையைக் கட்டையிலேயே வைத்திருப்பது போதும். பண்ணலில் தொடங்கிய கேட்டல் அங்கே குளிர்த்தியாகிறது. மறுநாள் அதே இருக்கையில் அமரும்போது கை எதிர்க்காமல் வருகிறது.